லாஸ் வேகாஸ் பெட்டிங் லவுஞ்சுல நான் பார்த்ததும், நம்ம ஊர் திங்கக்கிழமைக் கணக்கும்

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்)

வணக்கம். போன வாரம் கடைத்தெரு ஒட்டுக்கடையில பசியாறிக்கிட்டு இருந்தேன். பக்கத்து மேசையில நாலு பிள்ளைங்க. 2026 ஜூன் 11 உலகக் கிண்ணக் காற்பந்து தொடங்குது, 48 குழு, 104 ஆட்டம், இந்தத் தடவை பந்தயத்துல விட்டதை எல்லாம் பிடிச்சிரலாம்னு பேச்சு. அதுல ஒருத்தன் சொன்னான்: "லாஸ் வேகாஸ்ல கெந்திங்காரன் வச்சிருக்கிற மாதிரி ஒரு பந்தய லவுஞ்சு இங்கயும் இருந்தா நாம ஏன் புக்கிகிட்ட போறோம்?" புக்கின்னா சட்டவிரோதமா பந்தயம் வாங்குறவன்.

அந்த லவுஞ்சுல நான் உட்கார்ந்திருக்கேன். அதனாலதான் இதை எழுதறேன்.

2022 டிசம்பர்ல லாஸ் வேகாஸ்ல இருக்கிற அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அது அங்க நர்ஸ். 18-ஆம் தேதி உலகக் கிண்ண இறுதியாட்டம். கத்தார்ல சாயங்காலம் 6, நம்ம ஊர்ல ராத்திரி 11, அங்க காலையில 7 மணி. மருமகப்பிள்ளை, "மாமா, ரிசோர்ட்ஸ் வேர்ல்டு போய்ப் பார்ப்போம், மலேசியாக்காரன் கட்டினது"ன்னு கூட்டிக்கிட்டுப் போனார். கெந்திங்காரனோட ஹோட்டலும் கேசினோவும், 2021 ஜூன்ல திறந்தது. உள்ளே சூதாட்ட மெஷின்களைத் தாண்டிப் போனா ஒரு பெரிய கூடம். சுவர் முழுக்கத் திரை. ஆறரை மணிக்கே உட்கார இடம் இல்லை. கோப்பியும் பீரும் ஒரே மேசையில இருக்கு. அர்ஜெண்டினா சட்டை போட்ட ஒரு குடும்பம், பாட்டி முதற்கொண்டு வந்திருந்தாங்க.

பந்தயம் கட்டுற கவுண்டர் நம்ம நம்பர் கடை (லாட்டரிக் கடை) மாதிரிதான், கொஞ்சம் பளபளப்பு அதிகம். எனக்கு முன்னால ஒரு வயசான ஆள். சட்டைப்பையில இருந்து கடித உறை எடுத்தார், உறை மேல பேனாவுல 60-னு எழுதியிருந்துச்சு. மூணு 20 டாலர் நோட்டை எண்ணி வச்சார், சீட்டு வாங்கினார், உறையை நாலா மடிச்சுக் குப்பைத்தொட்டியில போட்டுட்டு வந்து உட்கார்ந்துட்டார். ஆட்டம் முடியிற வரைக்கும் அவர் மறுபடி கவுண்டர் பக்கம் போகலை. நான் கவனிச்சுக்கிட்டே இருந்தேன்.

என் முறை வந்துச்சு. 20 டாலர், அர்ஜெண்டினா ஜெயிக்கும்னேன். கவுண்டர் பொண்ணு, "90 நிமிஷத்துக்கா, கிண்ணத்துக்கா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு விளங்கலை. பின்னால வரிசை நீளுது. 90 நிமிஷம்னு சொல்லிட்டேன், அதுக்குத்தான் காசு கூட வரும்னு போர்டுல தெரிஞ்சது. அந்தப் பொண்ணு நான் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லி, சரியான்னு கேட்டு, அப்புறம்தான் சீட்டு அடிச்சுச்சு.

மீதி உங்களுக்கே தெரியும். மெஸ்ஸி 23-ல பெனால்டி, டி மரியா 36-ல. 79 நிமிஷம் வரைக்கும் 2-0. நான் மனசுக்குள்ள காசை எண்ணிட்டேன். 80-ல பிரான்சோட ம்பாப்பே பெனால்டி, அடுத்த நிமிஷமே இன்னொண்ணு. 90 நிமிஷம் முடியறப்ப 2-2. என் சீட்டு அங்கேயே செத்துப்போச்சு. கூடுதல் நேரத்துல 3-3 ஆகி, பெனால்டியில 4-2 ஜெயிச்சு அர்ஜெண்டினா கிண்ணத்தைத் தூக்குது. அந்தப் பாட்டி அழறாங்க, எல்லாரும் கட்டிப் பிடிக்கிறாங்க. என் கையில செல்லாத சீட்டு.

20 டாலர் போனது போனதுதான், வருத்தம் இல்லை. ஆனா அந்தச் சீட்டைப் பார்க்கிறப்ப எல்லாம் எங்க அண்ணன் ஞாபகம்தான். அந்தச் சீட்டு வர்றதுக்கு முன்னாலயே என் 20 டாலர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. நம்ம ஊர்ல அப்படி இல்லை. அதைப் பத்தி அடுத்து எழுதறேன், இப்ப வேலைக்கு நேரமாச்சு.

---

குலைவெட்டு

அண்ணே, அந்த 90 நிமிஷ விஷயம் இங்கயும் அப்படித்தான். எங்க கூட்டத்துல மூணு பேர் அன்னிக்கு அப்படியே விட்டாங்க. புக்கியோட ஏஜெண்டுகிட்ட சண்டைக்குப் போனாங்க, "எழுதிக் குடுத்திருக்கேனா?"ன்னு கேட்டான். எங்க எழுதியிருக்கான்? போன்ல சொன்னது.

லவுஞ்சு உள்ள போக என்ன வேணும்? பாஸ்போர்ட் கேப்பாங்களா? நுழைய காசா?

---

பால்மரத்தான்

காசு இல்லை தம்பி. 21 வயசு ஆகியிருக்கணும். பாஸ்போர்ட் கையில வச்சிரு, எப்ப வேணும்னாலும் கேப்பாங்க. பந்தயம் கட்டாம ஆட்டம் மட்டும் பார்த்துட்டு வந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்லலை. என் சம்சாரம் ஒரு காசு கட்டலை, கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தா.

---

மலையேறி (கெந்திங்ல வேலை, 11 வருஷம்)

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகட்டும், ஏன்னா வாரத்துக்கு ஒருத்தர் என்கிட்ட கேக்கறாங்க: நம்ம கெந்திங் மலையில பந்து, குதிரை, கிரிக்கெட்னு எதுக்கும் பந்தயக் கவுண்டர் கிடையாது. கேசினோ உண்டு, 21 வயசுக்கு மேல, முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. அவ்வளவுதான். 1969-ல குடுத்த லைசென்ஸ், நாட்டுல சட்டப்படி நடக்கிற ஒரே கேசினோ. விளையாட்டுப் பந்தயம் அதுல சேராது. ஸ்போர்ட்ஸ் டோட்டோன்னு பேர்ல விளையாட்டு இருக்கு, கடையில விக்கிறது நம்பர்.

லாஸ் வேகாஸ்ல அண்ணன் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. அது பழைய ஸ்டார்டஸ்ட் ஹோட்டல் இருந்த நிலம். அமெரிக்கால 1951-ல பந்தயத்துக்கு 10 விழுக்காடு வரி போட்டாங்க, கடைக்காரனுக்கு அதுல பிழைக்க வழியில்லை. 1974-ல அதை 2 ஆக்கினாங்க. அதுக்கப்புறம்தான் கேசினோ உள்ளேயே பந்தயக் கூடம் வர ஆரம்பிச்சது. 1976-ல ஸ்டார்டஸ்ட்ல திறந்த கூடத்தைப் பார்த்துத்தான் மத்தவங்க பெரிய திரையும் சாய்வு நாற்காலியும் போட்டாங்க. ஸ்டார்டஸ்டை 2007-ல வெடி வச்சுத் தகர்த்தாங்க. அந்த நிலத்தை 2013-ல கெந்திங் வாங்குச்சு.

---

கணக்குவாத்தியார்

நான் தமிழ்ப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுப்பவன். போர்டில் இருக்கும் விலையை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கப் போர்டில் ஒரு குழுவுக்கு நேரே -110 என்று இருந்தால், 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் கட்ட வேண்டும் என்று பொருள். இரண்டு பக்கமும் -110 என்று வையுங்கள். ஒருவர் இந்தப் பக்கம் 110, இன்னொருவர் அந்தப் பக்கம் 110. கவுண்டரில் சேர்ந்தது 220. ஜெயித்தவருக்குப் போவது 210. பத்து டாலர் கடைக்காரனுக்கு. யார் ஜெயித்தாலும் அவனுக்கு அந்தப் பத்து உண்டு. விழுக்காட்டில் சொன்னால் ஏறக்குறைய நாலரை.

இதை உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். நூறு ஆட்டத்தில் ஐம்பது சரியாகச் சொன்னால் நஷ்டம். 52 சொன்னாலும் நஷ்டம். 53 சரியாகச் சொன்னால்தான் கைக்காசு மிஞ்சும். பந்து பற்றி எல்லாம் தெரியும் என்று சொல்லும் என் நண்பர்களில் ஒரு வருடம் முழுக்க எழுதி வைத்து 53 காட்டியவர் எவரும் இல்லை. எழுதி வைத்தவரே இல்லை.

மூன்று நான்கு ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்துக் கட்டுவது இன்னும் மோசம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் எடுக்கும் பங்கு ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். பிள்ளைகள் விரும்பிக் கட்டுவது அதைத்தான்.

நம்பர் கடையையும் இதே கண்ணோடு பாருங்கள். 4டி என்னும் நாலு இலக்க எண் பந்தயத்தில் 'பெரியது' என்ற வகையில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பிறகு பத்து எண்ணுக்கு 180, பத்து எண்ணுக்கு 60. பத்தாயிரம் எண்ணையும் ஒருவரே பத்தாயிரம் வெள்ளிக்கு வாங்கினால் திரும்பி வருவது 6,400. கனவில் பாம்பு வந்தது, லாரி நம்பர் பார்த்தேன் என்று புதன், சனி, ஞாயிறு வரிசையில் நிற்கும் நம் பெரியவர்கள் கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் 36 காசு விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் லாஸ் வேகாஸ் கவுண்டர் வாங்குவது குறைவு. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

---

ஈப்போக்காரன்

வாத்தியார் சொல்றதுலயே பதில் இருக்கே. அங்க நாலரை, சீட்டு உண்டு, சொன்னதைத் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்கிறாங்க. அப்ப இங்கயும் சட்டப்படி ஆக்கிட்டா என்ன? அமெரிக்காலயே 2018 மே மாசம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடையை ரத்து பண்ணினப்புறம் 30-க்கும் மேற்பட்ட மாநிலம் திறந்துருச்சு. நம்ம நாட்டுலயும் 2010-ல ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் குடுக்கிறதா பேச்சு வந்துச்சு, எதிர்ப்பு வந்ததும் அந்த ஜூன்லயே பிரதமர் நஜீப் இல்லைன்னுட்டார். குடுத்திருந்தா புக்கி பிழைப்பு அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

---

லயத்துமகள்

முடிஞ்சிருக்காது.

என் வீட்டுக்காரர் கட்டினது புக்கிகிட்ட மட்டும் இல்லை. நம்பர் கடை, குதிரை, கெந்திங் பஸ், எல்லாம் சட்டப்படிதான் நடந்துச்சு. எங்க கல்யாணத்துக்குத் தோட்டத்துல ஆயா கொட்டகையில பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்ட பாட்டி போட்ட மோதிரம் வரைக்கும் அடகுக்கடையில மூழ்கினப்ப அது லைசென்ஸ் உள்ள கடையா இல்லாத கடையான்னு நான் பார்க்கலை. பிள்ளைக்குப் பள்ளிக்கூட பஸ் காசு மாசம் 70 வெள்ளி இல்லாம மூணு மாசம் நடந்து போச்சு. கவுண்டர்ல பொண்ணு மரியாதையா பேசுது, சீட்டு அடிச்சுக் குடுக்குதுன்னு எழுதறீங்க. சரி. வீட்டுல இருக்கிறவளுக்கு அந்தச் சீட்டுல என்ன இருக்கு?

அண்ணன் மேல கோபம் இல்லை. ஆனா இதைப் படிச்சுட்டு நாலு பேர் அங்க போகணும்னு ஆசைப்படுவாங்க. அதை நினைச்சுத்தான் எழுதறேன்.

---

பால்மரத்தான்

தங்கச்சி, நீங்க கேட்டது நியாயம். நான் மீதியை எழுதாம விட்டதுதான் தப்பு.

எங்க அண்ணன் செம்பனைத் தோட்டத்துல டிராக்டர் ஓட்டினவர். 2018 உலகக் கிண்ணம். தினம் ராத்திரி ஏஜெண்டுக்கு ஒரு போன். "நூறு பிரேசில்", "இருநூறு ஸ்பெயின்". கையில ஒரு வெள்ளி இல்லை. இருக்கவும் வேணாம். கணக்கு திங்கக்கிழமை. ஜெயிச்சா பையன் மோட்டோர்ல வந்து குடுப்பான், தோத்தா வந்து வாங்குவான். ரெண்டாவது வாரமே 1,800 கடன். அதை எடுக்க ஜூன் 27, ஜெர்மனி தென்கொரியா ஆட்டம். ஜெர்மனி நடப்பு வெற்றியாளர், கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்னு எல்லாரும் சொன்னாங்க. அண்ணன் 3,000 சொல்லிட்டார். போன்ல. வீட்டுல அன்னிக்கு மொத்தமா 140 வெள்ளி இருந்துச்சுன்னு அண்ணி சொன்னாங்க.

கொரியா கடைசி நிமிஷங்கள்ல ரெண்டு கோல். ஜெர்மனி முதல் சுற்றுலயே வெளிய.

அந்தத் திங்கக்கிழமை ஏஜெண்டே ஆ லோங் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) நம்பரைக் குடுத்தான். கடனை அடைக்கக் கடன். ஆறாவது மாசம் வீட்டு வாசல் கேட் மேல மிரட்டலுக்குச் சிவப்புச் சாயம் ஊத்திட்டாங்க. அண்ணன் காலையில ஆறு மணிக்குத் தின்னர் வச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பள்ளிக்குப் போறதுக்குள்ள அழிச்சிரணும்னு. நானும் போய்த் தேய்ச்சேன். விரல் இடுக்குல அந்தச் சிவப்பு நாலு நாள் போகலை. 55 வயசு ஆனதும் ஈபிஎஃப் (சேமநிதி) காசு வந்த வாரமே போயிருச்சு. 31 வருஷ உழைப்பு.

லவுஞ்சு நல்லதுன்னு நான் சொல்ல வரலை. அந்தப் பெரியவர் உறையை மடிச்சுப் போட்டார் பாருங்க, அதைத்தான் சொல்ல வந்தேன். அவர்கிட்ட 60 இருந்துச்சு, 60 போச்சு, அதோட முடிஞ்சது. எங்க அண்ணன்கிட்ட 140 இருந்தப்ப 3,000 போச்சு. இல்லாத காசைத் தோக்க விடறதுதான் நம்ம ஊர்ப் பழக்கம். கட்டுறவன் கட்டுவான், நான் யாரையும் தடுக்க முடியாது. ஆனா "டைம்"ல, அதாவது கையில காசு இல்லாம கடன் சொல்லி, கட்டாதீங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கறது.

---

மலையேறி

அண்ணே, வலிக்குது படிக்க. ஆனா ஒரு திருத்தம். அங்கயும் கடன் உண்டு. பெரிய ஆட்டக்காரங்களுக்கு கேசினோ மார்க்கர்னு ஒண்ணு குடுக்கும், பேங்க் கணக்கைச் சரிபார்த்துட்டு. திருப்பிக் கட்டலைன்னா நெவாடா சட்டத்துல அது செல்லாத காசோலை குடுத்த குற்றம் மாதிரி. போன்ல கட்டுறதும் வந்துருச்சு. நெவாடால கணக்குத் திறக்க நேர்ல போகணும், மத்த பல மாநிலத்துல வீட்டுல படுத்துக்கிட்டே திறக்கலாம்.

இன்னொண்ணு. அங்க புக்கியே இல்லைன்னு நினைச்சிராதீங்க. 2025 மார்ச்சுல அதே ரிசோர்ட்ஸ் வேர்ல்டு லாஸ் வேகாஸுக்கு நெவாடா கேமிங் கமிஷன் ஒரு கோடியே 5 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு. சட்டவிரோத புக்கி தொழில் பண்ணினவங்களை உள்ள ஆட விட்டதுக்கு. அதனால ஈப்போ அண்ணன் சொன்ன மாதிரி லவுஞ்சு வந்தா புக்கி போயிருவான்கிறது நடக்கிற காரியமா தெரியலை. சாதாரண ஆளுக்குப் புக்கி கடன் குடுப்பான், கவுண்டர் குடுக்காது. கடன் வேணும்கிறவன் புக்கிகிட்டதான் போவான்.

---

ஈப்போக்காரன்

இதை நான் யோசிக்கலை. ஒத்துக்கறேன்.

---

பந்துராஜா88

நல்ல சைட் ஒண்ணு இருக்கு பாஸ், டெபாசிட் போட்டா டபுள், நம்பிக்கையான ஏஜெண்டு, பிஎம் பண்ணுங்க

---

நடத்துநர்

மேலே உள்ள கணக்கு முடக்கப்பட்டது. இந்த இழையில் ஏஜெண்டு எண், சைட் இணைப்பு, "இன்னிக்கு எந்தக் குழு" என்ற பேச்சு எதுவும் வேண்டாம்.

---

கோர்ட்வாசல் (வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க்)

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக.

1953-ஆம் ஆண்டு பந்தயச் சட்டத்தின் கீழ் புக்கி மட்டும் குற்றவாளி இல்லை, அவனிடம் கட்டுகிறவரும் மாட்டலாம். ஆனால் இன்னொரு பக்கம் உண்டு, அது பலருக்குத் தெரியாது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 31-வது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் தோற்ற பணத்துக்காக உங்கள் மேல் யாரும் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வாங்க முடியாது. திங்கட்கிழமை வந்து நிற்கும் பையன் கையில் சட்டம் தந்த உரிமை எதுவும் இல்லை. அதனால்தான் சாயமும் மிரட்டலும்.

ஆ லோங் வட்டியும் அதேபோல். உரிமம் பெற்ற வட்டிக்காரர் ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாத கடனுக்கு 18, அதற்கு மேல் வாங்கக்கூடாது. நம் ஊரில் ஒரே மாதத்தில் அதைத் தாண்டி விடுகிறார்கள். மிரட்டல் வந்தால் செய்தியை, படத்தை அழிக்காமல் வைத்துப் போலீஸ் புகார் எழுதுங்கள். "நானே சூதாடினேன், எப்படிப் போவேன்" என்று பயந்து போலீசுக்குப் போகாதவர்களைத்தான் அவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். தனியாகப் போகத் தயங்கினால் ஒரு வழக்கறிஞரையோ தெரிந்த பெரியவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

பேங்க் கடன், கிரெடிட் கார்டு என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது, மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனைக்குக் காசு இல்லை. ஆ லோங் கடனை அவர்கள் தொடமாட்டார்கள், ஆனால் மீதியை ஒழுங்குபடுத்தினாலே மூச்சு விடலாம்.

---

லயத்துமகள்

31-வது பிரிவு. இதை எட்டு வருஷத்துக்கு முன்னால யாராவது சொல்லியிருந்தா நான் சங்கிலியைக் கழட்டியிருக்க மாட்டேன். நன்றி ஐயா.

அண்ணா, "டைம்"ல கட்டாதீங்கன்னு நீங்க எழுதினதை நான் ஏத்துக்கறேன். கட்டவே கட்டாதீங்கன்னு சொன்னா என் வீட்டுக்காரர் காதுல அது விழுந்ததே இல்லை. கையில இருக்கிறதோட நிறுத்துன்னு சொல்லியிருந்தா ஒருவேளை விழுந்திருக்குமோ என்னவோ.

---

குலைவெட்டு

இந்த உலகக் கிண்ணம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோல. ஆட்டம் எல்லாம் நமக்கு நடுராத்திரியில இருந்து மறுநாள் பகல் வரைக்கும் ஓடும். நாங்க செம்பனைக் குலை வெட்டப் போறப்ப ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கும். போன வாட்டி ராத்திரி வீட்டுல உட்கார்ந்து கட்டினாங்க, பக்கத்துல பொண்டாட்டியாவது கேப்பா. இப்ப மரத்தடியில அரிவாளைச் சாய்ச்சு வச்சுட்டு, இடைவேளைக்கு இடைவேளை போன்ல கட்டுவாங்க. யாரு பார்ப்பா? எங்க கூட்டத்துல ஏஜெண்டே கூட வெட்டுறவன்தான். நல்ல பையன், கமிஷனுக்காகப் பண்றான். அவன்கிட்ட எப்படி வேணாம்னு சொல்றது, அதான் கஷ்டம்.

---

பால்மரத்தான்

தம்பி, அவன்கிட்டயே "காசு குடுத்தாத்தான் எழுதுவேன்"னு சொல்லச் சொல்லு. ரெண்டு பேர் சேர்ந்து சொன்னா ஒருவேளை கேப்பான். அவனுக்கும் திங்கக்கிழமை வந்தா மேல இருக்கிறவன்கிட்ட கட்டணும், தோத்தவன் ஓடிட்டா அவன் தலையிலதான் விழும். எங்க அண்ணனோட ஏஜெண்டு ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டே போனான், அவன் அம்மா இன்னும் அதே லயத்து வீட்டுல தனியா இருக்காங்க.

ஆட்டம் பார்க்க ஆளுங்க சேரணும்னா இறுதியாட்டம் ஜூலை 20, நம்ம நேரம் விடியக்காலை 3 மணி. என் வொர்க்ஷாப்புல திரை போடறேன். தே தாரிக் என் செலவு. அண்ணனும் வரேன்னார். அவர் பந்து பார்த்து எட்டு வருஷம் ஆகப்போகுது.

---

தாமான்பையன் (புது உறுப்பினர், முதல் பதிவு)

அண்ணே ரெண்டு நாளா படிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு இந்தத் திங்கக்கிழமை 640 வெள்ளி கட்டணும். சம்பளம் 7-ஆம் தேதிதான். ஏஜெண்டு ஒரு நம்பர் அனுப்பியிருக்கான், இன்னும் கூப்பிடலை. வீட்டுல தெரியாது. உங்களுக்குத் தனிச்செய்தி போட்டிருக்கேன்.

---

பால்மரத்தான்

பார்த்தேன் தம்பி. அந்த நம்பருக்குக் கூப்பிடாதே. என் போன் நம்பரைத் தனிச்செய்தியில போட்டிருக்கேன், இப்பவே கூப்பிடு. கோர்ட்வாசல் ஐயா, நாளைக்கு மத்தியானம் நீங்க ஈப்போ ஆபீஸ்ல இருப்பீங்களா? நான் இவனைக் கூட்டிக்கிட்டு வரேன்.

---

கோர்ட்வாசல்

இருப்பேன். இரண்டு மணிக்கு மேல் வாருங்கள். ஏஜெண்டு அனுப்பிய செய்தியை அழிக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள்.